யாருக்குப் பாடு? இணையவழிக் கருத்தரங்குகள், வேலைவாய்ப்பு வழிகாட்டல்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

வாரம் தவறாமல் அழைப்பிதழ்கள் வருகின்றன. ‘பன்னாட்டு இணையவழிக் கருத்தரங்கு’, ‘ஏழு நாள் தொடர் சொற்பொழிவு’, ‘உங்கள் எதிர்காலம் உங்கள் கையில்: வேலைவாய்ப்பு வழிகாட்டல்’. மேலே கல்லூரியின் முத்திரை, நடுவில் கோட்டு போட்டவரின் படம், கீழே ஒரு சுட்டி, அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் ‘கட்டணம் இல்லை, அனைவரும் வருக, மின்சான்றிதழ் உண்டு’. கவிதையையும் நாவலையும் பிரதியாக வாசிக்கப் பழகிய நாம் இந்த அழைப்பிதழையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்புகளின் நோக்கம். ‘அட, இது வெறும் நோட்டீசு, இதுல என்ன இருக்கு’ன்னு சில தோழர்கள் கேட்கிறார்கள். நோட்டீசுலதான் எல்லாமே இருக்கு. யாரை மனசில் வைத்து எழுதினார்கள், யாரை மறந்தே போனார்கள் என்பதை அது மறைக்கத் தெரியாமல் சொல்லிவிடுகிறது.

‘அனைவரும்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பொதுவெளியில் இந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஊர்ப் பொதுக் கிணறும் அனைவருக்கும்தான் என்றார்கள். நாம் குடத்தோடு போனபோதுதான் அந்த ‘அனைவர்’ யார் யார் என்று தெரிந்தது.

2

பழவேற்காட்டு ஏரியை வைத்தே இதை விளக்கலாம் என்று நினைக்கிறேன். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில். வெளியூர்க்காரன் கரையில் நின்று பார்த்தால் தண்ணி எல்லாருக்கும் பொதுவாகத்தான் தெரியும். வேலி கிடையாது, சுவர் கிடையாது. ஆனா தண்ணிக்குள்ள கோடு இருக்கு. அதுக்குப் பேரு ‘பாடு’.

இறால் நல்லா விழும் இடங்களில் யார் எந்த நாளில் சுத்துவலை கட்டுவது என்பதை முறைவைத்து, சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் ஏற்பாடு இந்தப் பாடு. பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டுப் பட்டியலில் பேர் உள்ள ஆண்களுக்குத்தான் முறை வரும். தங்களுக்குள் சண்டை வராமல் இருக்க, ஏழை பணக்காரன் என்று பாராமல் முறை போட்டுக்கொண்ட அருமையான சமத்துவ ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டுகிறார்கள். உண்மைதான், உள்ளே இருப்பவர்களுக்கு அது சமத்துவம். அதே ஏரியை நம்பிப் பிழைக்கிற தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்தப் பட்டியலில் பேர் இல்லை. இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணியில் இறங்கி, சேற்றில் இரண்டு கையாலும் இறால் தடவுகிறார்கள். நம்மவர்கள் வலையோடு இறங்கியபோதெல்லாம் ‘இது உங்க தொழில் இல்லையே’ என்ற கேள்வி வந்தது, தகராறும் வந்தது.

பட்டினவர் மக்களை எதிரியாக்குவது என் நோக்கம் இல்லை. அவர்களும் உழைப்பாளிகள்தான். காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது இடம் பெயர்க்கப்பட்ட மீனவ ஊர் அவர்களுடையதுதான். நான் சொல்ல வருவது ஒரு விதியைப் பற்றி. வெளியிலிருந்து பார்க்கையில் பொதுவாகத் தெரியும் நீர்ப்பரப்புக்குள் முறை யாருக்கு, கரையோரத்துச் சேறு யாருக்கு என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கிறது. இணையம் என்கிற ஏரியும் அப்படித்தான். சுட்டி எல்லாருக்கும் வருகிறது, பாடு சிலருக்குத்தான் கிடைக்கிறது.

3

முதல் கோடு கருவியிலேயே விழுகிறது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017-18) கணக்குப்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. நகரத்தில் முறையே 23.4, 42. இந்தக் கணக்கு வெளிவந்த சூடு ஆறுவதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, வகுப்பறை மொத்தமும் செல்பேசிக்குள் போய்விட்டது. 2020 ஜூன் 1 அன்று, இணையவழிப் பாடம் தொடங்கிய முதல் நாளிலேயே, கேரளத்தின் வளாஞ்சேரிப் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் படித்த தலித் மாணவி தன்னை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் இருந்த தொலைக்காட்சி பழுது. நல்ல செல்பேசி இல்லை. அப்பா கூலி.

தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011இல் தொடங்கி பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவு இலவசம் என்று அறிவித்தார்கள். அந்த மாதங்களில் பல சேரிப் பிள்ளைகள் முதன்முதலாக ஒரு கருத்தரங்கை முழுசாகக் கேட்டார்கள் என்பதை நான் அறிவேன். நாலு மாதம் முடிந்தது, தரவும் முடிந்தது. 2024 ஜூலையில் தனியார் செல்பேசி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றின. 28 நாளுக்கு 239 ரூபாயாக இருந்த ஜியோ திட்டம் 299 ஆனது. வீட்டுக்கு ஒரே செல்பேசி, அதுவும் அப்பா கையிலோ அண்ணன் கையிலோ. இதில் ‘கட்டணம் இல்லை’ என்ற வரிக்கு என்ன பொருள்? கருத்தரங்கு நடத்துகிறவருக்குத் தர வேண்டிய கட்டணம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது கோடு நேரம். வேலைவாய்ப்பு வழிகாட்டல்கள் சனி, ஞாயிறு காலை பத்து மணிக்கோ, இரவு ஏழு மணிக்கோ நடக்கின்றன. கடிகாரத்தில் வாழ்கிறவர்களுக்கு அது வசதி. ஏரிக்கரையில் வாழ்க்கை தண்ணி ஏறுவதையும் வத்துவதையும் பார்த்து நடக்கிறது. அம்மா சேத்துல இறங்கியிருக்கும் நேரத்தில் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைதான். அவளுக்குப் பத்து மணி என்பது ஒரு வேலை நேரம்.

மூன்றாவது கோடு வீடு. ‘படக்கருவியைத் திறந்து வையுங்கள்’ என்று ஒருங்கிணைப்பாளர் ஆணையிடுகிறார். யாருக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரிகிறது, யாருக்குப் பின்னால் கொடியில் தொங்கும் துணியும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் தெரிகிறது என்பது அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களில் ஊரும் சேரியும் போலப் பிரிந்து நிற்கிறது. வகுப்பறையில் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போய் மறைத்த வறுமையை இணையம் வீட்டுக்குள் புகுந்து காட்டிக்கொடுக்கிறது. பல பிள்ளைகள் திரையைக் கறுப்பாகவே வைத்திருப்பதன் காரணம் சோம்பல் அல்ல.

நாலாவது கோடு ஒலிவாங்கி. மண்டபத்தில் நடக்கும் கருத்தரங்கில் நாம் கடைசி வரிசையில் இருந்தாலும் எழுந்து நின்று குரல் கொடுத்துவிட முடியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எத்தனை இலக்கியக் கூட்டங்களில் அப்படிக் கலகம் செய்திருக்கிறார்கள் நம்மவர்கள்! இங்கே ஒரு பொத்தானில் எல்லாரையும் ஊமையாக்கலாம். ‘கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்’ என்பார்கள். ஒரு கல்லூரி நடத்திய வழிகாட்டல், பேர் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று மூன்று முறை எழுதியது: ‘ஐயா, எஸ்.சி. உதவித்தொகை இன்னும் வரவில்லை, கட்டணம் கட்டாமல் தேர்வு எழுத முடியுமா?’ மேலே ‘அருமையான உரை’, ‘நன்றி ஐயா’ என்று வாழ்த்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தக் கேள்வி அவற்றோடு மேலே ஏறி மறைந்துபோனது. கடைசியில் அந்தப் பிள்ளைக்கும் மின்சான்றிதழ் வந்தது, பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.

4

சரி, இந்தக் கருத்தரங்குகள் யாருக்காக நடக்கின்றன? பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளைப் பார்த்தால் பாதிப் புதிர் விடுபடும். பேராசிரியர் கருத்தரங்கில் உரையாற்றினாலோ கட்டுரை படித்தாலோ வெளிநாட்டில் என்றால் 7, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் 5, தேசியம் என்றால் 3, மாநிலம் அல்லது பல்கலைக்கழகம் என்றால் 2 மதிப்பெண் என்று அது குறித்திருந்தது. பணி உயர்வுக்கு இந்தக் கணக்கு தேவை. தரமதிப்பீட்டுக் குழு வந்தால் கோப்பில் காட்டவும் தேவை. மலேசியாவிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் திரையில் தலைகாட்டினால் கருத்தரங்கு பன்னாட்டுக் கருத்தரங்கு ஆகிவிடுகிறது. 2020 மே மாதம் தொடங்கி தமிழ்த்துறைகள் போட்ட கருத்தரங்குகளின் மழைக்கு இதுவும் ஒரு காரணம். மாணவன் அங்கே வருகைப்பதிவு எண் மட்டுமே.

பேசப்படும் பொருளையும் பார்க்க வேண்டும். ‘சங்க இலக்கியத்தில் நெய்தல் வாழ்வியல்’ என்று ஒரு தலைப்பு அடிக்கடி வருகிறது. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று மனப்பாடம் செய்தோம். தலைவனை நினைத்துத் தலைவி இரங்குவாள், சங்கு வெடிக்கும், புன்னை பூக்கும். பரதவரும் உமணரும் வந்துபோவார்கள். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய நெய்தலுக்கு இத்தனை அரங்குகள் போடுகிறவர்கள், எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை இன்று இருக்கிற நெய்தலைப் பற்றி ஓர் அரங்கு போட்டால் என்ன? முகத்துவாரம் மண்மூடிப் போவது பற்றி, சாம்பலும் சுடுநீரும் கலக்கிற கழிமுகம் பற்றி, 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் பற்றி, அதற்கான பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தள்ளிப்போனது பற்றிப் பேசலாமே. இருளர் பெண்ணின் கை, சேற்றுக்குள் இறால் எங்கே பதுங்கும் என்று அறிந்த அந்தக் கை, எந்தத் திணையில் வரும்? அவளுடைய இரங்கலுக்கு உரிப்பொருள் என்று பேர் வைக்க எந்த இலக்கணக்காரனும் வரவில்லை.

பேசக்கூடாத பொருளைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2021 ஜனவரியில் ஒன்றிய அரசு, அரசுக் கல்வி நிறுவனங்கள் பன்னாட்டு இணையக் கருத்தரங்கு நடத்த முன்அனுமதி பெற வேண்டும் என்றது. நாட்டின் உள்விவகாரங்கள் சம்பந்தப்பட்ட பொருள் என்றால் தடை. அறிவியலாளர்கள் எதிர்த்ததால் பிப்ரவரியில் பின்வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் சாகர் நகரின் மத்தியப் பல்கலைக்கழகம், அறிவியல் மனப்பான்மை பற்றிய பன்னாட்டு இணையக் கருத்தரங்கிலிருந்து போலீஸ் கடிதம் வந்ததும் விலகிக்கொண்டது. கவனிக்க வேண்டும்: நெய்தலும் புன்னையும் பற்றிய கருத்தரங்குகளுக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

5

அடுத்து, வேலைவாய்ப்பு வழிகாட்டல். 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாட்டு அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்பது இலக்கு. பள்ளி முடித்தவர்களுக்குக் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் நடந்தன. ‘எங்க வீட்டுல முதல்ல காலேஜுக்குப் போறது நான்தான்’ என்கிற பிள்ளைக்கு எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று ஒருவர் சொல்வதே பெரிய விசயம். அதைக் கேலி செய்கிறவர்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் படித்தவர்கள் இருப்பார்கள். நான் கேலி செய்யவில்லை.

ஆனால் இந்த அரங்குகளின் சொல்லாடலைக் கட்டுடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசு அரங்கானாலும் தனியார் அரங்கானாலும் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: திறன், தன்னம்பிக்கை, ஆளுமை. உனக்கு வேலை கிடைக்கவில்லையா? உன்னிடம் திறன் இல்லை. நேர்காணலில் தோற்றாயா? தன்னம்பிக்கை போதவில்லை. பழியெல்லாம் மாணவனின் உடம்புக்குள்ளேயே போட்டுப் பூட்டப்படுகிறது. ‘போன சென்மத்துப் பாவம்’ என்றார்கள் அன்று. இன்று ‘திறன் குறைபாடு’ என்கிறார்கள். கர்மா சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது.

எது பேசப்படுவதில்லை என்று பட்டியல் போடலாம். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்பது பேசப்படுவதில்லை. நிரப்பப்படாமல் கிடக்கும் பின்னடைவுப் பணியிடங்கள் பேசப்படுவதில்லை. தமிழ்நாட்டில் 1989 நவம்பரிலிருந்து பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும் என்பதும், அந்த ஒரு தாளுக்காக இருளர் பிள்ளை எத்தனை நடை நடக்கிறது என்பதும் பேசப்படுவதில்லை. வெளிநாட்டில் படிக்க எஸ்.சி. மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய உதவித்தொகை விதிகளில் 2022இல் ஒரு மாற்றம் செய்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு அந்த உதவி இல்லை. அதாவது நீ போய் எந்திரத்தைப் பற்றிப் படிக்கலாம், உன்னைச் சேரியில் வைத்த சமூகத்தைப் பற்றிப் படிக்கக்கூடாது. எந்த வழிகாட்டல் அரங்கிலும் இதை நான் கேட்டதில்லை. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஏரியின் ஒவ்வொரு இறாலையும் தடவித் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதன் வாசலைக் காட்டுவதைவிட வேறு என்ன வழிகாட்டல் வேண்டும்? நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெங்களூர் தெரிகிறது, கலிஃபோர்னியா தெரிகிறது. இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் கல்லூரி தெரியவில்லை.

கலிஃபோர்னியா என்றதும் ஒன்று. சுந்தர் பிச்சை பேரைச் சொல்லாத வழிகாட்டல் அரங்கு இல்லை. ‘சென்னையில் படித்த பையன் கூகுளுக்குத் தலைவர், நீங்களும் ஆகலாம்!’ அந்தக் கூகுளில் 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி, தேன்மொழி சௌந்தரராசன் ஊழியர்களிடையே சாதி பற்றிப் பேசுவதாக இருந்தது. இந்து விரோதி என்று சில ஊழியர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள், உரை ரத்தானது. பிளவு உண்டாக்குகிறது என்று நிறுவனம் காரணம் சொன்னது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டார். எந்த நிறுவனத்தின் செயலியில் உட்கார்ந்து நம்ம பிள்ளைகள் ‘கூகுளில் வேலை பெறுவது எப்படி’ என்று கேட்கிறார்களோ, அந்த நிறுவனத்துக்குள்ளேயே சாதி பற்றிய ஒரு சொற்பொழிவுக்கு இடம் இல்லை. சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளருக்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட பாகுபாட்டை வைத்து கலிஃபோர்னிய அரசுத் துறையே 2020இல் வழக்குத் தொடுத்தது. உள்நாட்டில், 2021 ஏப்ரலில், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான ஆயத்தப் படிப்பின் இணைய வகுப்பிலேயே ஓர் ஆசிரியை அவர்களைக் கேவலமாகத் திட்டியது நாடு முழுவதும் ஒளிப்படமாகச் சுற்றியது. கம்பி வழியாகப் போனால் சாதி வடிகட்டப்பட்டுவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

6

‘வாய்ப்பு எல்லாருக்கும் பொது’ என்கிற பேச்சை நம் முன்னோர்கள் எப்படி வாசித்தார்கள்? ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசனும் பறையர் மகாசன சபையும் 3,412 கையெழுத்துகளோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அதை எதிர்த்து மனு அனுப்பினார்கள். தேர்வு பக்கத்தில் வந்தால் யார் எழுதுவார்கள், யார் அதிகாரியாக வந்து நம் தலையில் உட்காருவார்கள் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அந்த மனுவின் முடிவோடு ஒருவர் மாறுபடலாம். கேள்வியோடு மாறுபட முடியாது. வாசல் பொதுவாகத் திறக்கப்படும்போது உள்ளே போகத் தெம்பு உள்ளவன் யார் என்று கேட்கும் அரசியலை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், 1917இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியபோது தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. அவருக்குத் திறன் குறைபாடு என்று எந்த வழிகாட்டி சொல்வார்?

பழவேற்காட்டுக்கும் ‘வெளிநாட்டு வாய்ப்பு’ புதிதல்ல. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சத்தில் அடிபட்ட மக்களை விலைக்கு வாங்கி இந்தத் துறையிலிருந்துதான் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் டச்சுக் கல்லறையின் சிற்பங்களைப் படம் எடுக்கிறார்கள். கப்பலேறியவர்களுக்குக் கல்லறை இல்லை. இவ்வளவு வரலாறு தெரிந்த கரையிலிருந்து ‘வாய்ப்பு’ என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது தப்பில்லை.

7

அப்படியானால் இணையமே வேண்டாமா? அப்படிச் சொல்வது பாடு கிடைக்கவில்லை என்று ஏரியையே விட்டுவிட்டுப் போவது மாதிரி. பெரிய நகரத்துக்குப் போய்ப் பேச்சுக் கேட்கப் பேருந்துக் காசு இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல உரை செல்பேசியில் வந்து சேர்வது சின்ன விசயம் அல்ல. ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாக்கி நம்மவர்கள் நடத்தும் உரைகள் பதிவாகிக் கிடப்பதால் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஒரு பிள்ளை அதைக் கேட்க முடிகிறது. மகாராட்டிரத்தின் வார்தாவில் அனூப் குமார் 2013இல் தொடங்கிய நாலந்தா அகாதமியையும் பார்க்கலாம். முதல் தலைமுறைத் தலித், ஆதிவாசி மாணவர்களைத் தங்கவைத்து, நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார் செய்து, பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வழிகாட்டல் ஒரு மணி நேர உரையோடு முடிந்துபோவதில்லை. ஆள் பக்கத்தில் இருக்கிறார், விண்ணப்பம் நிரப்பும்வரை இருக்கிறார்.

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. மாணவர்களுக்கென்று நடத்தும் ஒவ்வொரு வழிகாட்டலிலும் முதல் அரைமணி கேள்விக்கு, பிறகு உரை. உதவித்தொகை, சாதிச் சான்று, இடஒதுக்கீட்டுப் பணியிட நிலவரம் இந்த மூன்றையும் தெரிந்த ஓர் அலுவலர் கட்டாயம் இருக்க வேண்டும். உரையைப் பதிவுசெய்து, ஒலி வடிவில், குறைந்த தரவில் கேட்கும்படி தர வேண்டும். சேரியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் படித்து வேலைக்குப் போன ஒருவர் பேச்சாளராக இருக்க வேண்டும். அவர் ‘வெற்றிக் கதை’ சொல்ல வேண்டாம், எங்கெங்கே தடுத்தார்கள் என்று சொன்னால் போதும். பழவேற்காடு மாதிரி ஊர்களில் சுட்டி அனுப்புவதோடு நிறுத்தாமல், பள்ளிக்கூடத்தில் ஒரு திரை கட்டி, தண்ணி நேரம் பார்த்து, அம்மாமார்களையும் உட்காரவைத்து நடத்த வேண்டும். பிள்ளை எந்தக் கல்லூரிக்குப் போவது என்று பல வீடுகளில் முடிவு செய்வது அவர்கள்தானே.

இந்த இதழைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அழைப்பிதழ் வந்ததும் நுழையுங்கள். வாழ்த்துச் சொல்லாதீர்கள், கேள்வி எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அது மேலே ஏறி மறைந்துவிடும். இருபது பேர் சேர்ந்து அதே கேள்வியை எழுதினால் மறைய இடமிருக்காது. பாடு யாரும் தானாகக் கொடுப்பதில்லை. முறை கேட்டுத்தான் வாங்க வேண்டும்.